சாப்பாட்டறையின் நீலக் கோடு

அத்தியாயம் பதினொன்று

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அப்படிச் சொன்ன புண்ணியவான் கடற்கரையில் சுவர் கட்டும் அலுவலகத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார். அங்கே ஒரே ஒரு முழத்துக்காக நான்கு வருஷமாக ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது.

நம் வரைபடக்காரியும் அந்த முழத்தில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். போன வாரம் அலுவலகத்துப் பழைய அலமாரியில் வேறு எதையோ தேடப் போனவள் கையில் தன் புகுந்த வீட்டின் வரைபடம் சிக்கியது நினைவிருக்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அந்தப் படத்தில் சாப்பாட்டறையின் தரை, இப்போது இருப்பதைவிட ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, தாழ்வாக இருந்தது.

அதனால் என்ன முழுகிவிட்டது என்று கேட்கிறீர்களா? முழுகுவதைப் பற்றித்தான் பேச்சே.

அந்தச் சாப்பாட்டறைச் சுவரில் ஒரு நீலக் கோடு இருக்கிறது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கடல் ஊருக்குள் வந்த அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதுதான் அடையாளம். துறைமுகத்தில் நட்டிருந்த அளவுகோலை வெள்ளமே பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் வேறு நம்பகமான அளவு கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் அளவெடுக்க வந்தவர்கள் அந்தக் கோட்டுக்கு நேராகக் கருவியை நிறுத்தி, எதற்கென்று அவள் மாமியாரிடம் சொல்லாமலே ஓர் எண்ணை எழுதிக்கொண்டு போனார்கள். கடற்கரை நடைபாதையின் புதுத் தடுப்புச் சுவருக்கு உயரம் போட்டது அந்த எண்ணை வைத்துத்தான்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற திட்டம் அது. பொங்கி வரும் கடலைத் தடுக்க ஒரு சுவர், இடிந்து கிடந்த நடைபாதைக்குப் பதிலாகப் புதுப் பாதை, விளக்குகள், உட்காரப் படிகள் எல்லாம் ஒன்றாக. படத்தில் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சுவரின் உயரத்தைக் காட்டக் கம்பு நட்டுக் கயிறு கட்டிய பிறகுதான் ஊருக்கு உறைத்தது. நின்றால் கடல் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தால் சுவர் தெரியும். நடைபாதையில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் புருஷன்தான் முதலில் குரல் கொடுத்தான். தெருவில் அவனுக்குப் பெயர் பெடல்.

"சுவத்தைப் பாத்துக்கிட்டு எவன் சைக்கிள் ஓட்டுவான்?" என்று அவன் ஆரம்பித்த முணுமுணுப்பு, ஒரு சங்கமாகி, நூறு மனுக்களாகி, மனைவி வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே போய்க் குவிந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். பேசினால் சாப்பாடு இறங்காது.

இப்போது விஷயம் இவ்வளவுதான். வெள்ளத்துக்கு முன்பே தரையை உயர்த்தியிருந்தால் கோடு சரி, சுவரும் சரி. வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்தி, அப்போது யாராவது கோட்டையும் சேர்த்து நகர்த்தியிருந்தால், சுவர் ஒரு முழம் அதிகம். நாளைக் காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் லாரி வருகிறது. கொட்டி இறுகிவிட்டால் அப்புறம் பேச்சுக்கே இடமில்லை.

அதனால் இன்று காலை அவள் ஒப்பந்தத்தை உடைத்தாள்.

"என்னங்க, இந்த ரூம் தரையை எப்ப ஒசத்தினீங்க?"

பெடல் ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தான். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே."

"நெஜமாவா?"

"வேற? எனக்கு அந்த வெள்ளம் மணி மணியா ஞாபகம் இருக்கு. அலமாரி மேல உக்காந்திருந்தேன்ல. தரை இதே தரைதான்."

"தண்ணிக்கடியில இருந்த தரை உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?" என்று சமையலறையிலிருந்து அவன் அம்மாவின், அதாவது அவள் அத்தையின், குரல் வந்தது. டம்ளரைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "தரையை ஒசத்தினது வெள்ளத்துக்கு அடுத்த வருஷம். நான் நின்னு போட்டது. எனக்குத் தெரியாதா?"

வரைபடக்காரி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப கோடு, அத்தை? கோடு பழைய இடத்துலதானே இருக்கணும்?"

"அதையும் நான்தான் மேல ஏத்தினேன்."

பெடலின் ரொட்டி டீக்குள் விழுந்தது.

"எதுக்கு ஏத்தினீங்க?"

"பின்ன? தரை மேல வந்துடுச்சுன்னா கோடு தொடைக்கு வந்துடும்ல. வர்றவங்க எல்லாம் பாத்துட்டு, ஏம்மா இவ்வளவு தண்ணிக்கா இந்தப் பாடுன்னு சிரிப்பாங்க. நெஞ்சு வரைக்கும் வந்த தண்ணி நெஞ்சு வரைக்கும்தான் இருக்கணும். அளந்து பாத்து, என் நெஞ்சுக்கு நேரா திரும்பப் போட்டேன்." அத்தை டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "உங்க மாமா போட்ட கோட்டுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சாச்சு. எதுக்கு இப்ப இதெல்லாம்?"

மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பெடல் முந்திக்கொண்டான். "சும்மா, ஆபீஸ்ல பழைய ரெக்கார்டு சரி பண்றாங்கம்மா." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல். அம்மாவிடம் சுவர் விஷயத்தை எடுத்தால் அரை நாள் போய்விடும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கை அவள் அங்கேயே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

இரண்டு நிமிஷத்தில் அவன் கடைக்கு ஓடி, பஞ்சர் ஒட்டுமுன் ட்யூபைத் தேய்க்கும் உப்புத்தாளோடு திரும்பி வந்தான். கோட்டிலிருந்து ஒன்றரை அடி கீழே அவள் பென்சிலால் புள்ளி வைத்தாள். அவன் தேய்த்தான். மஞ்சள் பெயின்ட் போயிற்று. அதற்கடியில் இருந்த பச்சையும் போயிற்று. பிறகு ஒரு வெள்ளை, கெட்டியான பழைய சுண்ணாம்பு.

"ஒண்ணும் இல்ல போல," என்றாள் அவள். இல்லாமல் போனால் நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே புரியவில்லை.

அவன் இன்னும் நான்கு தேய் தேய்த்தான். சுண்ணாம்பு பொடிப்பொடியாய் உதிர்ந்தது. நீலம் எட்டிப் பார்த்தது.

பெடல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சிரித்தான். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தான். "நாலு வருஷமா ஊரெல்லாம் போய்க் கத்தினேன்டி. விடை எங்க வீட்டு சுவத்துலயே இருந்திருக்கு பாரு!"

"யாருக்கும் அனுப்பாதீங்க. நான் முதல்ல சார்கிட்ட சொல்லணும்."

"அனுப்பலை," என்றான். சங்கத்தின் குழுவில் நாற்பது பேர் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார்கள்.

தலைமைப் பொறியாளருக்கு வயிற்றெரிச்சல் உண்டு. சுவர் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து மேசையின் இடது ஓரத்தில் மனுக்கள், வலது ஓரத்தில் மாத்திரைகள். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு முதலில் ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கோடு யார் வீட்டுது?"

"எங்க வீட்டுது சார்."

"சுவர் இறங்கினா யார் கடைக்குக் கடல் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். "எங்க வீட்டுக்காரர் கடைக்கு."

"கோட்டை மாத்தினது?"

"எங்க அத்தை."

"குடும்பமா சேர்ந்து என் வேலைக்கு உலை வைக்கிறீங்க," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "நீ சொல்லாம இருந்திருந்தா ஒரு சுவர் கொஞ்சம் ஒசரமா நின்னிருக்கும். அவ்வளவுதான். சொல்லிட்ட. இனிமே நான் பாக்காம இருக்க முடியாது."

பார்க்க அவரே வந்தார். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மேசையை நகர்த்திவிட்டு, மண்டியிட்டு, இரண்டு நீலக் கோடுகளுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்தார். ஒன்றரை அடி. தரையின் ஓரத்தில் ஒரு கல்லைப் பெயர்க்கச் சொன்னார். அடியில் மண் நிரப்பு, அதற்குக் கீழே பழைய சிவப்புத் தரை. அதுவும் ஒன்றரை அடி. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று இழுத்தடிக்க இடமே இல்லாமல் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"கோட்டை நீங்கதான் ஏத்தினீங்களாம்மா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"ஆமாங்க. நான்தான்."

"தரையை ஒசத்தின பிறகு?"

"ஆமா, பிறகுதான். ஆனா..."

"போதும்மா. இது போதும்." அவர் குறித்துக்கொண்டார். பெடல் அவருக்கு டீ கொண்டுவந்து நீட்டினான். வீட்டைப் பார்க்க வந்த எத்தனையோ பேரில் இவரும் ஒருவர் என்று அத்தை நினைத்திருக்க வேண்டும். பெயர்த்த கல்லை மறுபடி வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குத் திருத்திய படம் தயார். சுவரின் உச்சி ஒரு முழம் கீழே. வரைந்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து, ஒப்புதல் என்ற இடத்தில் அவருடையது. சாதாரணமாக ஒரு கோட்டை நகர்த்த மூன்று மாதம் எடுக்கும் அலுவலகம் அது. அன்றைக்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. எல்லோருக்கும் பிடித்த செய்திக்குக் கால் முளைத்துவிடும் போலிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் நடைபாதை வழியாக வந்தாள். சென்ட்ரிங் ஆட்கள், கான்கிரீட் கொட்ட அச்சாக அடித்திருந்த பலகைகளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒருவர் புது உயரத்துக்குக் கயிறு கட்டி, அதன்படி ஆணி அடித்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே நடந்து வந்தது. சங்கத்துக்காரர்கள். நடுவில் பெடல். யாரோ அவன் தோளில் கை போட்டிருந்தார்கள்.

"இங்க உக்காந்து பாரு!" என்று அவளைக் கைபிடித்து இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். "தெரியுதா?"

தெரிந்தது. பலகைக்கு மேலே கடல், கடலுக்கு மேலே வானம், இரண்டுக்கும் நடுவில் ஒரு படகு. அழகாகத்தான் இருந்தது. அவன் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் பார்த்து வருஷமாயிற்று. போன வருஷம் முழுக்கக் கடையில் பாதிச் சைக்கிள்கள் ஸ்டாண்டை விட்டு இறங்கவில்லை. அவன் அவற்றைத் தினமும் துடைத்து மட்டும் வைப்பான்.

"ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"தெரியலை. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அதான் தெரியலைங்கறேன்."

உண்மையிலேயே தெரியவில்லை. கூட்டலும் சரி, கழித்தலும் சரி, விடை மட்டும் உறுத்தியது. மதியம் அத்தை "ஆனா" என்று ஆரம்பித்தாளே, அந்த ஆனாவுக்குப் பிறகு என்ன வரும் என்று யாருமே கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. எழுந்து வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.

ஐந்தரை மணி. அத்தை சாப்பாட்டறையில் தனியாக உட்கார்ந்து, சுவரில் மகன் சுரண்டிவைத்திருந்த பழைய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தை, மதியம் சார்கிட்ட என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"விடு. அவருக்கு எதுக்கு வீட்டுக் கதை எல்லாம்? ரெக்கார்டுதானே."

"ரெக்கார்டு இல்ல அத்தை. சுவர்."

"எந்தச் சுவர்?"

"கடற்கரைச் சுவர். நம்ம கோட்டை அளந்துதான் அதுக்கு ஒசரம் வச்சாங்க. கோடு தப்புன்னு தெரிஞ்சதால இன்னிக்கு ஒரு முழம் குறைச்சாச்சு. நாளைக்குக் காலையில கான்கிரீட்."

அத்தை சிரித்தாள். மருமகள் விளையாடுகிறாள் என்று நினைத்தாள் போலும். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

"என் கோட்டை வச்சா? அத்தனை மிஷின் வச்சிருக்காங்க, ஆள் வச்சிருக்காங்க, என் சாப்பாட்டு ரூம் கோட்டை வச்சா சுவர் கட்டுறாங்க?"

"வேற அளவே இல்ல அத்தை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க ரெண்டு பேரும்!" அத்தையின் குரல் உடைந்தது. "ஐயோ, கெடுத்தீங்களே."

பிறகு அவள் சொன்னாள். இருபத்தாறு வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

மாமா அப்போது படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தார். அக்கரையில் டியூட்டி. முந்தின நாள் சாயங்காலம் போன் செய்து, அக்கம்பக்கத்தில் எல்லோரும் மேட்டுக்குக் கிளம்புகிறார்கள், நாங்களும் போகட்டுமா என்று அத்தை கேட்டாள். "தண்ணியெல்லாம் வராது. பயந்து சாகாம கதவைச் சாத்திக்கிட்டு இரு," என்றார். விடிகிற நேரத்தில் தண்ணீர் வந்தது.

"பையனைத் தூக்கி அலமாரி மேல போட்டேன். எனக்கு நிக்க இடமில்ல. ஒரு இரும்பு ஸ்டூல் கிடந்துச்சு, அது மேல ஏறி அலமாரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அதுல நின்னும் நெஞ்சு வரைக்கும் வந்துச்சும்மா. தரையில நின்னிருந்தா நான் முங்கியே போயிருப்பேன்."

"ஸ்டூல் மேல நின்னா?" என்றாள் மருமகள். "அப்ப மாமா போட்ட கோடு?"

"அவர் வர நாலு நாள் ஆச்சு. சுவத்துல கறை ஒண்ணா ரெண்டா, தண்ணி நின்னு நின்னு வடிஞ்சதுல வரிசையா நாலு. தான் சொன்னதாலதான்னு அவர் மனசு ஒடிஞ்சுடக் கூடாதுன்னு, மேல இருந்த கறையை அவர் வர்றதுக்கு முன்னாடியே தேய்ச்சுக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சிட்டேன். எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்டார். நெஞ்சு வரைக்கும்னேன். பொய் இல்லையே. ஸ்டூலைப் பத்தி அவரும் கேக்கலை, நானும் சொல்லலை. என்னைச் சுவத்தோரமா நிக்க வச்சு, நெஞ்சுக்கு நேரா கோடு போட்டார். போட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு அழுதார். நெஞ்சளவுக்கே அப்படி அழுத மனுஷன்கிட்ட, நான் பாதி செத்துட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் தரையை ஒசத்தணும்னு ஒத்தைக்கால்ல நின்னேன். மேஸ்திரி எவ்வளவுன்னு கேட்டான். அந்த ஸ்டூலைக் கொண்டுபோய் வச்சு, இந்த ஒசரத்துக்கு நிரப்புன்னேன். திரும்ப வந்தா, தரையில நின்னாலே அன்னிக்கு நான் நின்ன ஒசரம் இருக்கட்டும்னு. அப்புறம் கோட்டை என் நெஞ்சுக்கு நேரா மேல போட்டேன். சிரிப்பாங்கன்னு உங்க மாமாகிட்ட சொன்ன சாக்கைத்தான் இன்னிக்கு உங்ககிட்டயும் சொன்னேன்."

வரைபடக்காரி ஒரு காகிதத்தை இழுத்துப் படம் போட்டாள். பழைய தரை. அதன் மேல் ஒன்றரை அடி ஸ்டூல். அதன் மேல் நெஞ்சு. பக்கத்தில் புதுத் தரை. அதன் மேல் நெஞ்சு. இரண்டும் ஒரே மட்டத்தில் போய் நின்றன. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். காலையில் பொய்யென்று முடிவான மேல் கோடுதான் மெய். உப்புத்தாளால் தேய்த்துக் கண்டுபிடித்த கீழ்க் கோடுதான் பொய். அந்தப் பொய்யின் உயரத்துக்குத்தான் கடற்கரையில் பலகையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

போனை எடுத்தாள். தலைமைப் பொறியாளர் நடைபாதையில்தான் இருந்தார். சுத்தியல் சத்தம் கேட்டது. அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் மாத்திரை அட்டை கிழிகிற சத்தம் கேட்டது.

"எந்த அம்மா?" என்றார் பிறகு. "மத்தியானம் நான்தான் ஏத்தினேன்னு சொன்னாங்களே, அதே அம்மாவா?"

"ஆமா சார்."

"இப்ப, ஏத்தினது சரிதாங்கறாங்க."

"ஆமா சார்."

"அந்த ஸ்டூல் இருக்கா?"

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை இல்லை என்று தலையாட்டினாள். துருப்பிடித்து, இரும்புக்காரனுக்குப் போட்டு எத்தனையோ வருஷம்.

"இங்க பாரும்மா. நீ சொல்றது உண்மையாவே இருக்கலாம். எனக்கும் தலை சுத்துது. ஆனா நாளைக்கு லாரியை நிறுத்தினா மேல இருந்து கேப்பாங்க. மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சொல்ற ஒரே ஒரு அம்மாவை நான் எப்படிக் காட்டுவேன்? அதுவும் என் ஆபீஸ் பொண்ணோட மாமியார். அன்னிக்கு அந்த வீட்டுல வேற யாரு இருந்தாங்க?"

"எங்க வீட்டுக்காரர் மட்டும்தான். ஆறு வயசு அப்ப."

"அலமாரி மேலயா?"

"ஆமா."

"அப்ப அவர் எழுதிக் கொடுக்கட்டும். அம்மா ஸ்டூல் மேலதான் நின்னாங்க, நான் பாத்தேன்னு. சுவர் குறையணும்னு கேட்டவரே எழுதிக் கொடுத்தா எவனும் மறுபேச்சு பேச மாட்டான். பலகையைத் திரும்ப ஏத்திடறேன். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல. ஏழு மணி வரைக்கும் ஆளுங்களை நிறுத்தி வைக்கிறேன். லைன்லயே இருக்கேன், கேட்டுச் சொல்லு."

வாசலில் செருப்புச் சத்தம். பெடல் வந்துவிட்டான். நடைபாதை மணல் காலில் ஒட்டியிருக்க, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவன், இருவர் முகத்தையும் பார்த்து நின்றான். "என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். காகிதத்தைக் காட்டிச் சொன்னாள். அவன் காகிதத்தைப் பார்த்தான், மேல் கோட்டைப் பார்த்தான், கீழ்க் கோட்டைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல இறங்குவதைப் பார்க்க அவளுக்கு வலித்தது. இதைச் செய்வது தான்தான் என்பது இன்னும் வலித்தது.

"பலகை இறக்கியாச்சு," என்றான்.

"ஏழு மணிக்குள்ள சொன்னா ஏத்திடுவாராம்."

"ஊர் முழுக்கச் சொல்லியாச்சுடி. எல்லாரும் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போறாங்க."

"தெரியும்."

அத்தை எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். "டேய், உனக்கு ஞாபகம் இருக்குமேடா. நான் எது மேல நின்னேன்?"

அவன் குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"மேலேருந்து குனிஞ்சு என் முடியைப் பிடிச்சுக்கிட்டிருந்தியே. வலிக்குது விடுடான்னேன். விட்டா நீ போயிடுவம்மான்னு சொன்ன. தண்ணி வடியற வரைக்கும் விடவே இல்ல நீ. கீழே பாத்துக்கிட்டேதானே இருந்த? ஸ்டூல் ஒரு தடவை ஆடினப்ப நீதானேடா கத்தின?"

போனுக்குள் பொறியாளர் இருமுவது கேட்டது. தூரத்தில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

பெடல் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த மஞ்சள் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று வரைபடக்காரிக்கு முதல் முறையாகத் தெரியவில்லை.